அடைப்பு நீங்கியது

முற்றத்துச் சாக்கடையை அடைத்துக்கொண்டு ஓர் எலி செத்துக் கிடந்தது. பிளேக் அதிகாரி மூன்று வீடு தள்ளி வந்துவிட்டார். எலியைக் கண்டால் குடும்பத்தோடு தனிமை முகாம்தான்.

"நான் வேல செய்யிற தோல் ஷாப்புலேர்ந்து சுண்ணாம்பு எடுத்தாந்து கொட்டட்டா?" என்றான் கணவன் கன்னியப்பன்.

"வாணாம்யா. சுண்ணாம்பக் கண்டாலே நோவு இருக்குதுன்னு புடிச்சிடுவான். நீ போய் கொழந்தையப் பாரு" என்றாள் செண்பகம்.

வெந்நீரைக் கொட்டி, மூங்கில் கழியால் குத்தித் தள்ளினாள். எலி நழுவிப் பக்கத்து வீட்டுச் சாக்கடைக்குப் போய்விட்டது.

சற்று நேரத்தில் அங்கிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

"எலி கெடக்குது! இந்த வூட்ல இருக்கிற அத்தினி பேரையும் வண்டியில ஏத்து!"

செண்பகம் அப்பாடா என்று உட்கார்ந்தாள். "தப்பிச்சோம்யா. கொழந்த எங்க?"

கன்னியப்பனுக்கு முகம் வெளுத்தது.

"எலி செத்த வூட்ல வாணாம்னு பக்கத்து வூட்லதான் படுக்க வெச்சேன்."