முயலுக்கு எந்தத் துவக்கு?

கதிர்காமநாதன் வீட்டுப் புது டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. முயல் சுடத் துவக்கு வாங்கவிருந்த யசீகரன், யோசனை கேட்கப் பிளாட் புஷ்ஷில் இருந்த அந்த வீட்டுக்கு வந்திருந்தான். ஒக்லாந்துத் தமிழருக்குள் துவக்கு என்றால் கதிர்காமநாதன்தான். ஒரு முயலையும் தொந்தரவு செய்யாமல், யூடியூபையே கரைத்துக் குடித்தவர்.

“கிட்டச் சுட .22 குண்டு காணும், தம்பி. .223 தூரத்துக்கு நல்லம், ஆனா கறிக்கு ஒண்டும் மிஞ்சாது. எதெண்டாலும் நிதானம் வேணும். நிதானம்!”

“சனிக்கிழமை நீங்களும் வாங்கோவன், அண்ணை.”

“லைசென்ஸ் வரேல்லையே! பொலிசுக்கு ஆளின்ர தரம் தெரியாது.”

தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் குசினிக்குப் போன யசீகரன், அவர் மனைவி ரதிதேவியிடம் மெல்லக் கேட்டான்.

“ஏனக்கா அண்ணைக்கு இவ்வளவு இழுபடுது?”

“லைசென்ஸ் குடுக்க முதல் பொலிஸ் வந்து மனிசியைத் தனியக் கேப்பினம், தம்பி. இவரிட்டத் துவக்கு இருந்தா உங்களுக்குப் பயமில்லையோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான் வாயே திறக்கேல்லை. மேட்ச் தோத்த அண்டைக்கு இவர் ரிமோட்டால எறிஞ்சு உடைச்ச பழைய டிவி கராஜில கிடக்குது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான்.”