ஆறாம் நம்பர் கேன்

"இது கடையில வாங்கின புது எண்ணெய். என் காதுலயே பூ சுத்தறியா?"

பேராசிரியை நஜ்லா பரிசோதனை அறிக்கையை மேஜைமேல் போட்டார். எதிரே நின்ற வஜ்தி அதை எடுத்துப் படித்தான்.

பலகாரம் பொரித்து மிஞ்சிய கழிவெண்ணெயிலிருந்து டீசல் எடுப்பது அவனுடைய ஆராய்ச்சி. காபெஸ் நகரத்தில் ஆறு கடைகள். செவ்வாய்க்கிழமை தோறும் கடைக்கு ஒரு லிட்டர் கேன். ஐந்து கேன்களில் எண்ணெய் தார் மாதிரி இருக்கும். ஆறாவது மட்டும் பளிச்சென்று இருக்கும். எண்ணெயை அடிக்கடி மாற்றுகிற நல்ல கடை போலிருக்கிறது என்று வஜ்தி நோட்டில் எழுதிவைத்திருந்தான்.

"அடிக்கடி மாத்தறதா? இந்த எண்ணெய் அடுப்பையே பார்க்கல, தம்பி! ஒரு தடவை பொரிச்சிருந்தாலும் சோதனையில தெரிஞ்சுடும். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு பாட்டிலை வாங்கி ஊத்திட்டே. அப்படித்தானே?"

"ஊரே எண்ணெய்க்கு வரிசையில நிக்குது, மேடம். நான் எங்கே போய் வாங்குவேன்?"

"அதை நீதான் சொல்லணும். ஆராய்ச்சியிலேருந்து உன் பேரை நீக்கச் சொல்லி இதோ கடிதம் ரெடி. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம். அப்புறம் கையெழுத்துப் போட்டுடுவேன்."

நஜ்லா கெட்டவர் இல்லை. போன வருடம் இரண்டு மாணவர்கள் சோதனையே செய்யாமல், உட்கார்ந்த இடத்திலேயே கணக்கு எழுதிக் கொடுத்து மாட்டினார்கள். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

ஆறாவது கடை ஸோஹ்ராவுடையது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மெல்லிய மாவுத் தகட்டில் முட்டையை உடைத்து மடித்துப் பொரிக்கிற பிரிக் கடை. சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் 'காலா', சித்தி முறை.

வஜ்தி போன நேரம் அவர் ஒரு டிரைவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்பா. எண்ணெய் தீந்துபோச்சு, கடையைக் கட்டறேன்."

வஜ்திக்குச் சுருக்கென்றது.

"வியாபாரத்துக்கே எண்ணெய் இல்ல. எனக்கு மட்டும் வாராவாரம் புதுசு எங்கேருந்து வந்துச்சு, காலா? பதுக்கி வெச்சிருக்கீங்களா?"

"மெதுவாப் பேசுடா. நாலு பேர் நிக்கறாங்க."

"நான் கேட்டது கறுப்பு எண்ணெய். ஏன் மாத்திக் கொடுத்தீங்க? என் மூணு மாச உழைப்பு மண்ணாப் போச்சு!"

ஸோஹ்ராவின் முகம் வாடிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதை இங்கே வெச்சுச் சொல்ல முடியாதுப்பா."

"அப்போ நாளைக்குக் காலையில வந்து எங்க மேடம்கிட்ட சொல்லுங்க."

தப்புச் செய்யாதவர் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்? வஜ்தி அப்படித்தான் நினைத்தான். அந்த இடத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் ஒன்பதரைக்கே ஸோஹ்ரா வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இவன் வெளியே நிக்கட்டும், மேடம்."

"ஏன்?"

"இவன் காதுல விழக்கூடாது."

நஜ்லா கண்ணைக் காட்ட, வஜ்தி முறைத்துக்கொண்டே வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது.

"சொல்லுங்க. அந்த எண்ணெய் ஏது?"

"வரிசையில நின்னு வாங்கினதுதான். ஆளுக்கு ஒரு பாட்டில் தர்றாங்க. என்னோடது கடைக்கு, என் பொண்ணோடது இவனுக்கு."

"இவனுக்கு எதுக்கு?"

ஸோஹ்ரா கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பாலைவனத்துப் பக்கம் தூஸ்லேருந்து தனியா வந்து படிக்கிற பிள்ளை. ஈர்க்குச்சி மாதிரி இருக்கான். ஒரு பிரிக் தின்னுடான்னா, 'இப்பத்தான் சாப்பிட்டேன்'ங்கறான். ஒருநாள் வந்து, 'காலா, பொரிச்ச எண்ணெய் வேணும், ஆராய்ச்சிக்கு'ன்னான். கீழே ஊத்தற எண்ணெயில என்ன மேடம் ஆராய்ச்சி? அதுக்குக் கொண்டுவந்த கேனைப் பார்க்கணுமே, அப்படிக் கழுவி, காயவெச்சு, பேரு ஒட்டி இருந்துச்சு. கழிவு வாங்க வர்றவன் யாராவது கேனை அப்படித் தேய்ப்பானா? ரூம்ல பொங்கித் திங்கத்தான் எண்ணெய், வாய்விட்டுக் கேக்க வெக்கப்படறான்னு புரிஞ்சுது. அந்தக் கறுப்பை ஊத்தித் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? அதான் நல்லதா ஊத்திக் கொடுத்தேன். ஆராய்ச்சின்னு கௌரவமாக் கேட்டான். நானும் நம்பின மாதிரியே இருந்துட்டேன்."

நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் திறந்தபோது கண் கலங்கியது. மேஜைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"அம்மா, அவன் சொன்னது நிஜம். ஆராய்ச்சிதான். அந்தக் கறுப்பு எண்ணெயில வண்டி ஓட்ட டீசல் எடுக்கிறான். நான்தான் அவனுக்கு வாத்தியார்."

ஸோஹ்ரா எழுந்து வந்து, பேராசிரியையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க மேடம், நானும் வெளியில அப்படியே சொல்லிக்கறேன். அந்தப் பிள்ளையோட மானத்தைக் காப்பாத்த, அவன் சொல்றதை நம்பின மாதிரி நடந்துக்கறீங்களே... இந்த மனசு எத்தனை வாத்தியாருக்கு வரும்!"