ஏரிக்கு வந்த சோனார்

"மதகு பக்கம் வந்தே, கால ஒடிச்சிடுவேன்!"

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஏகாம்பரம் தடியோடு மதகின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஏரி அது. ஏரிக்குக் கீழே அவருக்கு இரண்டு ஏக்கர் நெல்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவள் உத்திரமேரூர் சைமா. குத்தகை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கடைசி வாரத்தில் குத்தகைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். மதகைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, சேற்றில் துள்ளும் மீனைக் கூடை கூடையாக அள்ளுவார்கள். மீன் அவர்களுக்கு, காய்ந்த பயிர் ஊருக்கு.

"நான் மதகைத் தொட மாட்டேண்ணே," என்றாள் சைமா.

"என் கைல தடி கீதில்ல, எப்படித் தொடுவே?"

சைமா படகில் ஏறினாள். ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னத் திரை. அதிலிருந்து போன ஒயரின் முனையில் ஒரு குமிழ். அதைத் தண்ணீரில் இறக்கினாள்.

"இன்னாம்மா இது?" என்றார் வலைக்காரர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, மனிதர் பேரன் எடுத்துவிட்டார்.

"சோனார்ண்ணே. கடலுக்குப் போற போட்ல இருக்குமே, அதான். தண்ணிக்குள்ள சத்தத்த அனுப்பும். அது மீன் மேல பட்டுத் திரும்பி வந்தா இந்தத் திரைல தெரியும்."

கரையில் ஒரே சிரிப்பு.

"குட்ட மாதிரி கீற ஏரிக்கு கடல் மெஷினா? பணம் இருந்தா இன்னா வேணா பண்ணலாம்பா!"

கொஞ்ச தூரம் போனதும் திரையில் சிவப்பாக ஒரு குவியல் தெரிந்தது.

"இங்கதான்! போடுங்கண்ணே!"

வலை விழுந்தது. இழுத்தால் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்ததும் டர்ரென்று கிழிந்து வந்தது. ஏரி நிறைந்தபோது மூழ்கிப்போன கருவேல மரம்!

"மீனு புடிக்க வந்துச்சா, வெறகு பொறுக்க வந்துச்சா?" மதகிலிருந்து ஏகாம்பரம் கத்தினார்.

புதன்கிழமையும் இன்னொரு மரம், இன்னொரு கிழிசல். இருட்டுவதற்குள் சின்னப்பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"வேணாம்மா. பேஜாராப் போச்சு. இனிமே ஒரு வல கிழிஞ்சா நான் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

சைமாவுக்கு அழுகை வந்தது. வீட்டு நகையெல்லாம் மீன்குஞ்சாகி இந்தத் தண்ணீரில்தான் நீந்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தாண்டினால் அத்தனையும் அடுத்த குத்தகைக்காரருக்கு.

"நாளைக்கு வலையே வேணாம்ண்ணே. சும்மா படகை மட்டும் தள்ளுங்க."

வியாழக்கிழமை முழுக்க ஏரியைச் சுற்றினாள். மடியில் பள்ளிக்கூட நோட்டு. திரையில் குவியல் தெரியும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. காலைச் சுற்றுக்கு நோட்டில் ஒரு பக்கம், மதியத்துக்கு ஒரு பக்கம், மாலைக்கு ஒரு பக்கம். கரையில் சிரித்துச் சிரித்து அலுத்துப்போனவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மூன்று பக்கங்களையும் கிழித்து அருகருகே வைத்துப் பார்த்தாள். ஏழு புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று மட்டும் காலையில் கிழக்கே இருந்தது, மதியம் வயலுக்கு வண்டல் மண் வெட்டியெடுத்த பள்ளத்துக்குப் போயிருந்தது, மாலையில் மறுபடி கிழக்கே வந்திருந்தது.

"அண்ணே! மரம் நடக்காது. நடந்தா அது மீனு!"

வெள்ளிக்கிழமை நடு மதியம். பள்ளத்துக்கு மேலே படகு நின்றது. திரையில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. தைத்த வலைகளை ஒன்றோடொன்று கட்டி, பள்ளத்தைச் சுற்றி வளைத்து, இரண்டு முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

"இழுங்க!"

வலை அசையவில்லை.

"போச்சுடா, மறுபடியும் மரம்!" என்றது கரை.

"மரமில்ல நைனா! கயிறு துடிக்குது! வாங்க, கை குடுங்க!" சின்னப்பையன் அலறினார்.

தண்ணீர் கொதித்தது. ஒரு கட்லா மீன் ஆளுயரத்துக்குத் துள்ளி விழுந்தது. அவ்வளவுதான், சிரித்தவர்கள் எல்லாரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஏகாம்பரமே மதகை விட்டிறங்கி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

கட்லா, ரோகு, மிருகால்! ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். இரண்டு டெம்போ நிறைந்தும் கரையில் மீன் மிச்சம். சைமா ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு மீன் கொடுத்தாள். ஏகாம்பரத்துக்கு இருப்பதிலேயே பெரியது.

மீனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முழங்கினார்.

"பாத்தீங்களாடா? நாலு நாளு காவல் காத்தேன், தண்ணி நின்னுச்சு. வேற வழியில்லாம இந்தப் பொண்ணும் மெஷின கத்துக்கிச்சு. எல்லாம் இந்த ஏகாம்பரத்தால!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சைமாவும் தட்டினாள்.

அப்போது ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் தேவயானி, ஏரிக் குத்தகை விடும் அலுவலகத்து கிளார்க்.

"சைமா மேடம், இன்னியோட குத்தகை முடியுது. அந்த ஆர்டரத் திருப்பிக் குடுத்துடுங்க. ஃபைல்ல சேக்கணும்."

"இன்னா ஆர்டரு?" என்றார் ஏகாம்பரம்.

"மதகு திறக்கற ஆர்டர். கடைசி வாரம் இவங்க தண்ணிய இறக்கிக்கலாம்னு குத்தகைலயே இருக்கு. யாராவது தடுத்தா போலீசக் கூப்புடலாம்னும் போட்டிருக்கோம். திங்கக்கிழமை காலைலயே வாங்கினு போனாங்களே!"

சைமா பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேவயானி ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் மேடம், திறக்கவே இல்லியா?"

"திறக்கத்தான் மேடம் அன்னிக்கு நேரா இங்க வந்தேன். பயிரெல்லாம் கதிர்ல பால் புடிச்சிக்கினு நின்னுச்சு. மனசு வரல. அப்படியே பஸ் ஏறி மெட்ராசுக்கு, காசிமேட்டு ஹார்பருக்குப் போயி, இந்த மெஷின வாங்கியாந்தேன்."