நியாயம் கேட்ட பல் டாக்டர்

"நீங்களே சொல்லுங்க டிரைவர் சார், இந்தப் பொண்ணு பண்றது நியாயமா?"

பல் டாக்டர் கேட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த பஸ் டிரைவரின் வாய் முழுக்கப் பஞ்சு. கடைவாய்ப் பல்லில் ட்ரில் ஓடிக்கொண்டிருந்தது. அவரால் "ஆ..." என்றுதான் சொல்ல முடிந்தது.

"பாத்தியா, அவரே நியாயமில்லைங்கறார்" என்று டாக்டர் மகள் பக்கம் திரும்பினார்.

மகள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி எதிர்ப் பக்கம் நின்றாள். பல் மருத்துவம் படிக்கிறாள். லீவு விட்டால் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கிளினிக்குக்கு வந்துவிடுவாள்.

"மூணு வருஷம் முடிச்சாச்சு. இன்னும் ஒரே வருஷம். மார்க்குக்கும் குறைச்சலில்லை. இந்த நேரத்துல, எனக்கு இது வேண்டாம், புவியியலுக்கு மாறிக்கறேன்னு நிக்கறா. ஃபார்ம் குடுக்க நாளைக்குக் கடைசி நாளாம். அதுல நான் கையெழுத்து போடணுமாம்!"

"ஆ..."

"கரெக்ட்! அதையேதான் நானும் கேட்டேன், படிச்சு என்னம்மா பண்ணுவேன்னு. மேப் வரைவாளாம். பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்கு அனுப்பினா ரெண்டு தடவை ஃபோன் பண்ணி வழி கேக்கறவ, ஊர் உலகத்துக்கு வழி காட்டப் போறாளாம்!"

டிரைவர் கண்ணை உருட்டி அந்தப் பெண்ணைப் பார்த்தார். கையைத் தூக்கி ஏதோ சொல்ல முயன்றார்.

"வலிக்குதா? இதோ முடிஞ்சிடும்." டாக்டர் இன்னொரு பஞ்சைத் திணித்தார்.

"வர்றவங்ககிட்டெல்லாம் இதைச் சொல்லணுமாப்பா? காலையிலிருந்து இவர் ஆறாவது ஆள்."

"ஆறு பேரும் என் பக்கம்தானே பேசினாங்க?"

"ஒருத்தராலயும் வாயை மூடவே முடியலப்பா. அப்புறம் எப்படி எதிர்த்துப் பேசுவாங்க?"

பல்லை அடைத்து முடித்ததும் டிரைவர் கொப்பளித்துத் துப்பினார். அவசர அவசரமாக எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா, என் மச்சினன்கூட இப்படித்தான்..."

"பேசக் கூடாது! ஒரு மணி நேரத்துக்கு வாயே திறக்கக் கூடாது. போயிட்டு வாங்க."

டிரைவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைப் பாவமாகப் பார்த்தபடி வெளியேறினார். அத்தோடு காலை நேரத்து டோக்கன் தீர்ந்தது.

மகள் கையுறையைக் கழற்றிவிட்டு, அலமாரியில் வைத்திருந்த ஃபார்மை எடுத்தாள்.

"அப்பா, இந்தப் படிப்பு மட்டம்னு நான் சொல்லல. காலையில காலேஜுக்குக் கிளம்பினா எனக்குக் காலே நகர மாட்டேங்குது. போன மாசம் புவியியல் வகுப்புல போய்ப் பின்னாடி உக்காந்திருந்தேன். மணியடிச்சதுகூடக் காதுல விழலப்பா."

"பிடிச்சது பிடிக்காததுன்னு பாத்தா குடும்பம் ஓடுமா? கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல? பிடிச்சதையெல்லாம் ஞாயித்துக்கிழமை செஞ்சுக்கோ."

அவள் தலை குனிந்தாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"எனக்கும் வயசு ஐம்பத்தஞ்சு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சும்மா. இன்னும் எத்தனை நாளைக்கு நிக்க முடியும்னு நினைக்கறே? நீ வந்து பாத்துப்பேங்கற ஒரே நம்பிக்கையிலதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் காலையில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பு பெல்ட்டை மாட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த ஃபார்மை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"சரிப்பா. நான் மாறல. இதையே முடிச்சுட்டு வந்து கிளினிக்கைப் பாத்துக்கறேன்."

"என் ராஜாத்தி!"

டாக்டர் அவள் தலையைத் தடவினார். முதுகுவலியெல்லாம் எங்கே போனதோ, துள்ளி எழுந்து ஃபோனோடு உள்ளறைக்குப் போனார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுக்கிகளைக் கழுவ ஆரம்பித்தாள். உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"வணக்கம் புரொஃபசர். நான்தான், பல் டாக்டர். அந்தத் தத்துவப் படிப்பு விஷயமா... ஆமாமா, முழு நேர வகுப்புதான். அடுத்த வருஷம் சேர்றேன், என் பேரை இப்பவே எழுதி வச்சுக்கோங்க. பொண்ணு ஒருவழியா ஒத்துக்கிட்டா. கிளினிக்கை அவ தலையில கட்டிட்டு ஓடி வந்துடறேன்."

அவள் குழாயை மூடினாள்.

"என்னது, இன்னொரு பட்டம் எதுக்கா? நல்லா கேட்டீங்க போங்க! முப்பது வருஷமா அடுத்தவங்க வாயையே பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. எங்கப்பா சேர்த்துவிட்டார்னு படிச்சது. மனசுக்குப் பிடிச்சதைப் படிக்காம அப்புறம் என்ன சார் வாழ்க்கை!"

சிரித்தபடி ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"எ... எப்போ வந்தே?"

"நீங்க வணக்கம் சொன்னப்பவே."

அவள் ஃபார்மை எடுத்து மேஜை மேல் வைத்து, மடிப்புகளை நிதானமாக நீவிவிட்டாள். பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்தாள்.

"'பாடம் மாறக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்குப்பா. என்ன எழுதறதுன்னு தெரியாம காலியா விட்டிருந்தேன். இப்ப அவர்கிட்ட கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் கீழே கையெழுத்து போட்டுடுங்க."