ஆறு விரல் சொல்

அரியலூர்ப் பக்கத்துக் கல்நத்தைகளை அடுக்கிவைத்திருக்கும் அருங்காட்சியகத்தில், வழிகாட்டி கலைமணி மைக்குக்குப் பக்கத்தில் நின்று விரல்களை மடக்குகிறாள். புதைபடிவங்களை ஆராயும் விருந்தினரை அவள்தான் அறிமுகப்படுத்த வேண்டும்; அவர் தொழிலுக்கான ஆங்கிலச் சொல்லை அசைக்கொரு விரலாகச் சொல்லிப் பார்க்கிறாள். "பே, லி, டா, ல, ஜிஸ்ட்." ஐந்து விரலில் முடிந்துவிடுகிறது. "'யன்'ன முழுங்கிட்டீங்கக்கா, ஆறு வரணும்," என்று டிக்கெட் கொடுக்கும் புவனேஸ்வரி காதோரம் சொல்கிறாள். கண்ணாடிப் பெட்டிகள்மேல் காலை வெயில் வழுக்குகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சலசலப்பு அடங்குகிறது. கலைமணி தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை முழுதும் மடங்கி, மறு கையின் கட்டைவிரலும் மடங்க, "பேலியன்டாலஜிஸ்ட் சார் வந்திருக்காங்க," என்கிறாள். கூடம் கைதட்டுகிறது. விருந்தினர் மைக்கை வாங்கிச் சிரிக்கிறார். "எங்கம்மாவுக்கு இன்னும் இது வாயில நுழையலங்க. மவன் கல்லு பொறுக்குறான்னுதான் ஊர்ல சொல்லிக்கிட்டிருக்காங்க."