வாய் திறக்காத சம்பந்தி

"கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த ஜெர்மன் டீச்சர் வேலையெல்லாம் என்னத்துக்கு அண்ணாச்சி? எங்க வீட்டுல மருமக வேலை பாக்குத வழக்கமே கிடையாது."

பெண் பார்க்க வந்த கனகவள்ளி கேசரித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

பெண்ணின் அப்பா பிரம்மநாயகத்துக்கு அவள் பேச்சுகூடப் பெரிதாகப் படவில்லை. அவள் கணவர் ஞானதுரை இருந்த இருப்புதான் சுட்டது. செம்பூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அந்த மனிதர், தாராவியில் இருக்கும் இவர் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "வாங்க" என்றதற்கு ஒரு கும்பிடு. காப்பிக்கு ஒரு தலையாட்டல். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ?

"வீட்டுல இருந்தே ஆன்லைன்லதான் நடத்துதேன் அத்தை," என்றாள் ஸ்ரீதேவி.

"அதுல அப்படி என்னத்தக் கண்ட?"

"பாதிப்பேரு கேமராவையே போட மாட்டாங்க. மொத மாசம் வாயைத் திறக்கவே வெக்கப்படுவாங்க. திடீர்னு ஒருநாள் முழுசா ஒரு வரி ஜெர்மன்ல பேசிட்டு, அவங்களே சந்தோசத்துல சிரிப்பாங்க பாருங்க... அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம் அத்தை."

மகள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்ததும் பிரம்மநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க குடும்பத்துல எல்லாரும் வாங்கி வித்தவங்க. டீச்சர்னு நாலு பேரு கையெடுத்துக் கும்பிடுதது இவளைத்தான். அதை விடணும்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம். பெரியவருக்கும் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போகலாமே!"

கனகவள்ளி கைப்பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள்.

"உக்காரு கனகவள்ளி!"

ஒருவழியாக ஞானதுரை வாயைத் திறந்துவிட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்ரீதேவி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"துரை சார்... நீங்களா?"

கனகவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓகோ! இந்தப் பொண்ணைத்தான் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது இதுக்குத்தானா?"

ஞானதுரை எழுந்து கைகட்டி நின்றார்.

"குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் டீச்சர் பேசாம இருந்தேன். வேலையை மட்டும் விட்டுராதீங்க. பெர்லின்ல இருக்க மக வீட்டுப் பேத்திக்கு ஜெர்மன் தவிர ஒண்ணும் தெரியாது, நான் இன்னும் 'சாப்பிட்டியா'வைத் தாண்டல!"