மாடிக்கு ஆள் வந்தாச்சு

மாடி வீடு மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது. ஆனாலும் அந்த வேற்று நாட்டுத் தம்பதி கைக்குழந்தையோடு வந்து, கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது, வீட்டுக்காரம்மா கூசாமல், குழைவாகச் சொன்னாள்:

"அடடா, நேத்துதாம்மா ஆள் வந்தாச்சு. புருஷன், பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை."

அவசரத்தில் வேறு குடும்பம் வாயில் வரவில்லை. எதிரில் நின்றவர்களையே சொல்லிவிட்டாள். அவர்கள் தலைக்கு மேலேயே 'வாடகைக்கு' பலகை ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"பரவால்லம்மா," என்று தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டி பாதியாகியிருந்தது. அதற்கடுத்த நாள் மாடிக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. மாடிக் கதவின் பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"நல்ல ஜனமாப் பார்த்துதான் விட்டிருக்கே. இருக்கிற இடமே தெரியலை," என்றார் கணவர். அவள் யாரையும் விட்டிருக்கவில்லை. யாரென்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி ஏறினாள். பூட்டு தொங்கிய கதவைத் தட்டினாள். உள்ளே குழந்தையின் சிணுங்கல் நின்றது. பிறகு அவளுடைய குரலே, அதே குழைவோடு, உள்ளிருந்து பேசியது:

"அடடா, ஆள் வந்தாச்சேம்மா."

"பரவால்லம்மா," என்றாள் வீட்டுக்காரம்மா.

திரும்பும்போதுதான் பார்த்தாள். தன் சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள்.